காது கொடுத்துக் கேட்க யாரைத் தயார் செய்வது? வடசென்னைக்கு நான்கு வழிகள்

எங்கள் குழுவின் கையில் இரண்டு வருடத்துக்கான பணம் இருக்கிறது. தண்டையார்பேட்டை தொடங்கி எண்ணூர் வரை உள்ள குடும்பங்களுக்கு மனநல உதவி செய்ய ஆட்களைப் பயிற்றுவிப்பதற்கென்று வந்த பணம். யாரைப் பயிற்றுவிப்பது என்பதில்தான் மூன்று மாதமாகப் பேச்சு ஓடுகிறது. பகுதியிலிருந்து இரண்டு பேரைப் படிக்க அனுப்பிப் பட்டத்தோடு வரவைப்பதா? ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதா? தெருவிலேயே இருக்கும் ஏழெட்டுப் பேரை எடுத்து ஆலோசகர்களாக ஆக்குவதா? இல்லை, இணையவழிப் பயிற்சியும் உதவி எண்ணும் போதும் என்று இருந்துவிடுவதா? இதே கேள்வி மற்ற ஊர் அமைப்புகளுக்கும், தேவாலயக் குழுக்களுக்கும், மகளிர் கூட்டமைப்புகளுக்கும் வரும். அதனால் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். என் கட்சி எது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் ஒரு பிற்பகலைச் சொல்லிவிடுகிறேன்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே களைகட்டிவிடும். அங்கே மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கும் பெண்கள், வீடு திரும்பி, சமைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்போது மணி மூன்றாகிவிடும். அப்படி ஒரு மூன்று மணிக்கு, எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில், படிக்கட்டு நிழலில் ஓர் அம்மா கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண், அதே பிளாக்கில் குடியிருப்பவர்.

“நெஞ்ச அடைக்குது கண்ணு. மூணு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டேன். ஈசிஜி எடுத்துட்டு ஒண்ணும் இல்லம்மா, கேஸ்தான்னு மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்கோ. ஒண்ணும் இல்லன்னா ராத்திரி ஏன் எனுக்குத் தூக்கமே வர்ல?”

“எப்பலேர்ந்துக்கா தூக்கம் வர்ல?”

“அந்த எண்ணெ வந்துச்சே, எங்க அண்ணன் வலையெல்லாம் பாழாச்சே. அப்பலேர்ந்து பேஜாராத்தான் கீது.”

அவர் சொன்ன எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் வந்து கலந்த ஆலை எண்ணெய். அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் தெருவுக்கு ஓடினார்கள். வெள்ளம், எண்ணெய், வாயு, மூன்றும் ஒரே மாதத்தில். அதற்கு முன்னால் 2015 வெள்ளம், அதற்கும் முன்னால் 2004 சுனாமி. அந்த அம்மாவின் நெஞ்சடைப்பை இவற்றிலிருந்து பிரித்து ஈசிஜி தாளில் தேடினால் ஒன்றும் கிடைக்காதுதான்.

அன்றைக்கு எங்கள் குழுப் பெண் செய்தது அதிகமில்லை. கேட்டார். குறுக்கே பேசாமல் அரை மணி நேரம் கேட்டார். பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்து, “நான் சரியாத்தான் பேசுனேனாக்கா?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நாங்கள் ஆட்களைப் பயிற்றுவிக்கத் தேடுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். எந்த வழியை எடைபோடும்போதும் அந்த கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்த அம்மாவையும், திரும்பி வந்து கேட்ட இந்தப் பெண்ணையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.

எவ்வளவு பெரிய பள்ளம் என்பதற்கு ஒரு கணக்கு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. நாடு முழுவதற்குமாக அது சொன்னது: மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. குடிப்பழக்கத்தால் அவதிப்படுகிறவர்களில் சுமார் 86 சதவீதம். மனநல மருத்துவர்களோ இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை; 0.75 என்பதுதான் பலரும் எடுத்துச் சொல்லும் கணக்கு. வடசென்னைக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது, அயனாவரம் பக்கம் 1794-இல் வேர்விட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. பல மாவட்டங்களைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனாலும் எண்ணூரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறிப் போய், வரிசையில் நிற்க வேண்டும். ‘மெண்டல் ஆஸ்பத்திரி’ என்ற பெயரையும் தாண்ட வேண்டும். அந்த அம்மா அதற்கு வரமாட்டார்.

பட்டப்படிப்புக்கு அனுப்புவது

குழுவில் படித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சி. காரணம் வலுவானது. மனநலம் விளையாட்டு இல்லை. குரல் கேட்கிறது என்கிறவரையும், பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தொடவே பயப்படுகிற தாயையும், தூக்கம் வராத மீன்காரம்மாவையும் ஒரே மாதிரி அணுக முடியாது. அந்த வித்தியாசம் தெரிய ஆழமான படிப்பு வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலத் தொழில்முறையாளர் என்று யாரைச் சொல்லலாம் என்பதை வரையறுத்திருக்கிறது: மனநல மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் போன்றவர்கள். இதில் குறுக்குவழி கிடையாது, இருக்கவும் கூடாது. சென்னையிலேயே படிக்க நல்ல இடங்கள் உண்டு. எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு தன் அனுபவத்தைப் பாடமாக்கி ஒரு கல்வி நிறுவனமே நடத்துகிறது.

நம் தெருப் பிள்ளை ஒருவர் இப்படிப் படித்துவிட்டு வந்தால் அந்த மகிழ்ச்சியே தனி. ஆனால் கணக்கு இடிக்கிறது. இரண்டு வருடத்தில் ஒன்றோ இரண்டோ பேர்தான் படித்து முடிப்பார்கள். அந்த இரண்டு வருடமும் தெருவில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. முன்பு ஒருமுறை ஒரு பெண்ணின் படிப்புக்கு நாங்கள் உதவினோம். அவர் படித்து முடித்ததும் ஒரு கம்பெனியில் ஊழியர் நல ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டிலும் கடன் இருந்தது, எங்களால் அந்தச் சம்பளத்தில் பாதிகூடத் தர முடிந்திருக்காது. ஒருவரை நம்பி எல்லாப் பணத்தையும் வைத்தால் இதுதான் நடக்கும்.

இன்னொன்று, மொழி. பாடம் முழுக்க ஆங்கிலம். மாணவர் ‘டிப்ரஷன்’ படித்துவிட்டு வருகிறார். எதிரே இருப்பவரோ ‘பேஜாரா கீது’, ‘தலை பாரம்’, ‘மனசே ஓடல’ என்கிறார். நல்ல மாணவர் ஆறு மாதத்தில் பழகிக்கொள்வார். ஆனால் அந்த ஆறு மாதம் அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் திரும்பி வருவார்களா?

ஏற்கெனவே கதவு தட்டுகிறவர்கள்

மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர் கருவியும் சுகர் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை தருகிறார்கள். யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, ‘அவ வீட்டுக்கு எதுக்கு வந்தாங்க?’ என்ற பேச்சும் எழுவதில்லை. மனநலத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது என்று முதலில் நானும் நினைத்தேன். அங்கன்வாடி ஊழியர், நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர், அரசுப்பள்ளி ஆசிரியர் என்று எல்லோரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தொடங்கிய எம்ஹெச்கேப் திட்டமும் அடிப்படையில் இதைத்தான் சொல்கிறது: மனநல நிபுணர் இல்லாத இடத்தில் பொது மருத்துவரும் செவிலியரும் அடையாளம் கண்டு முதல் உதவி செய்யட்டும்.

அப்புறம் ஒரு தன்னார்வலரோடு ஒரு நாள் கூடவே நடந்து பார்த்தேன். மூன்று மாடி ஏறி ஒரு வீடு, இறங்கி அடுத்த பிளாக். பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, செல்போனில் ஏற்றி, சிக்னல் இல்லாமல் வெளியே வந்து மறுபடி ஏற்றி. ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் மருமகளைப் பற்றி அழ ஆரம்பித்தார். தன்னார்வலர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். “அடுத்த வாட்டி வரேன் பாட்டி, பேசலாம்” என்று கிளம்பினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்தக் கூலிக்கும் அந்த வேலைச்சுமைக்கும் மேலே ‘ஆலோசனையும் சொல்லு’ என்று ஏற்றினால் ஒன்று அது நடக்காது, இல்லை நோட்டில் மட்டும் நடக்கும்.

அதனால் இவர்களிடம் கேட்க வேண்டியது சின்ன விஷயம். இரண்டே கேள்வி: ‘போன ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே இருக்கா?’, ‘எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கா?’ ஆம் என்றால் யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருந்தால் போதும். அரை நாள் பயிற்சி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தல். செலவு மிகக் குறைவு. ஆனால் ‘யாரிடம் அனுப்புவது’ என்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே? அதனால் இந்த வழி தனியாக நிற்காது. மாநகராட்சியோ பெரிய நிறுவனமோ முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன். வேலைச்சுமையைக் குறைத்து, ஊதியத்தை உயர்த்தி, இதையே முதன்மை வழியாக ஆக்க அவர்களால் முடியும். எங்களைப் போன்ற சின்னக் குழுவால் முடியாது.

தெருவிலிருந்தே ஆலோசகர்கள்

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இருக்கிறார். ஊரிலிருந்து மருத்துவமனைக்கு வரப் பஸ் காசு இல்லாமல், அவருடைய நோயாளி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை அவரே பொதுவெளியில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு 2006-இல், ம்பாரே என்ற ஏழை மக்கள் வாழும் பகுதியில், 14 பாட்டிமார்களை வைத்து அவர் தொடங்கியதுதான் நட்பு பெஞ்ச். கிளினிக்குக்கு வெளியே மர நிழலில் ஒரு மர பெஞ்ச். அதில் ஒரு பாட்டி, ஒரு நோயாளி. ஆறு முறை சந்திப்பு. பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசித்து, அடுத்த முறைக்குள் செய்து பார்ப்பது. மனச்சோர்வுக்கு அவர்கள் ஆங்கிலச் சொல் எதையும் எடுக்கவில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். நம்மூரில் ‘ஓவரா யோசன பண்றா’ என்கிறோமே, அதேதான். 2016-இல் வெளியான ஆய்வில் 573 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தது பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 13.7 சதவீதம், மற்றவர்களில் 49.9 சதவீதம்.

ஆப்பிரிக்கா வேறு, இங்கே வேறு என்று குழுவில் ஒருவர் சொன்னார். சரி, கோவாவுக்கு வருவோம். சங்கத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. நடுத்தரத்துக்கு மேல் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு சந்திப்புகள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் குடிக்கிற, ஆனால் இன்னும் அடிமையாகாத ஆண்களுக்கும் இதே மாதிரி செய்தார்கள். அதில் வித்தியாசம் அவ்வளவு இல்லை, 36-க்கு 26. இந்த இரண்டாவது எண்ணையும் நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். டாஸ்மாக் வாசலில் காலையிலேயே காத்து நிற்கும் நம் அண்ணன் தம்பிகளுக்கு நான்கு சந்திப்பில் விடிவு வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். பத்துப் பேருக்கு ஒருவர் கூடுதலாக மீண்டால் அந்த ஒரு வீட்டுக்கு அது பெரிது, அவ்வளவுதான்.

சென்னையிலேயே இதற்கு வேர் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா, தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்களுக்குத் தன்னார்வலர்களை வைத்தே துணை நிற்கிறது. சுனாமியில் உறவுகளை இழந்தவர்களுக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் போய்த் துணை நின்றார்கள். அவர்களைச் சந்தித்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததை 2008-இல் ஆய்வாகவும் எழுதினார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு உள்ளவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்களை அனுப்பிய ஆய்வில் பங்கெடுத்தது. அதன் முடிவு 2014-இல் வந்தது. மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தபோது கூடுதல் பலன் கிடைத்தது, ஆனால் அளவான பலன்தான். தெரு ஆலோசகர் மருத்துவருக்கு மாற்று ஆகமாட்டார் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டாம்.

நன்மையை இவ்வளவு சொன்னேன். பயத்தையும் சொல்ல வேண்டும், என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

முதல் பயம், ரகசியம். குடியிருப்பில் சுவர் மெல்லியது, உறவு அடர்த்தியானது. ஆலோசகரின் நாத்தனாருக்கு இந்த அம்மா ஒன்றுவிட்ட அக்காவாக இருப்பார். ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், அந்த பிளாக்கில் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் தன் பிளாக்கில் இருப்பவருக்குத் தான் ஆலோசகராக இருக்கக்கூடாது என்பதை விதியாகவே வைக்கச் சொல்கிறேன். எர்ணாவூர்ப் பெண் திருவொற்றியூரில் கேட்கட்டும், காசிமேட்டுப் பெண் எர்ணாவூருக்கு வரட்டும்.

இரண்டாவது, நல்ல மனதோடு சொல்லும் தவறான வார்த்தை. போன மாதம் நாங்கள் ஒரு சின்ன ஒத்திகைக் கூட்டம் வைத்தோம். மனநல சமூகப் பணி படித்த ஒருவர் நடத்தினார். எங்களில் மூத்தவர் ஒருவர், தெருவில் எல்லோரும் ‘ஆயா’ என்று கூப்பிடும் அம்மா, தான் ஒரு பெண்ணிடம் பேசியதைச் சொன்னார். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று அழுதவளிடம், “புள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோ தாயி, நானும் அப்படித்தான் காலம் தள்ளுனேன்” என்று சொல்லியிருக்கிறார். யாரும் அவரைக் கடியவில்லை. நடத்தியவர், “அதச் சொன்னப்புறம் அவங்க மொகம் எப்படி ஆச்சு ஆயா?” என்று மட்டும் கேட்டார். ஆயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “எழுந்து போய்ட்டா” என்றார். அதற்கப்புறம்தான் பெண்களுக்கான 181 உதவி எண், 2005 குடும்ப வன்முறைச் சட்டம், அந்தப் பெண்ணிடம் அடுத்து என்ன கேட்கலாம் என்பதெல்லாம் பேச்சுக்கு வந்தது. ஆயா மறுநாளே அவள் வீட்டுக்குப் போய், “நேத்து நான் தப்பா சொல்லிட்டேன் தாயி” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வாரப் பயிற்சி வகுப்பில் ஆயாவுக்கு இது வந்திருக்காது. பேசிவிட்டு வந்த பிறகு, அதைச் சொல்ல ஒரு இடம் இருந்ததால் வந்தது.

கோவா ஆய்வைப் படிக்கும்போது பலரும் 64 சதவீதத்தைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே ஆலோசகர்களுக்கு வகுப்பு சில வாரம்தான். அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் மேற்பார்வையோடு பழகும் காலம். வாரா வாரம் கூடினார்கள். சம்மதம் வாங்கி ஒலிப்பதிவு செய்த சந்திப்புகளைச் சேர்ந்து கேட்டு, ஒருவரை ஒருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். பலன் அங்கிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன். நம்மூரில் ‘பயிற்சி’ என்றால் பேனர் கட்டி, டிபன் கொடுத்து, சான்றிதழோடு போட்டோ எடுப்பதாக ஆகிவிட்டது. அப்படிப் பயிற்சி பெற்றவரை, தூக்கு மாட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கும் ஒருவர் எதிரே தனியாக உட்கார வைப்பது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

மூன்றாவது பயம் ஆலோசகருக்கே. அவரும் அதே தெருவில், அதே கந்துவட்டியில், அதே குடிகாரப் புருஷனோடு வாழ்கிறவர்தான். நாளுக்கு நான்கு பேரின் துக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவர் தூக்கம் என்ன ஆகும்? ‘தொண்டு’ என்று சொல்லிக் காசில்லாமல் இதைச் செய்யச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீன் விற்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்தை எங்களுக்குத் தந்தால் அந்த இரண்டு மணி நேரத்தின் வரும்படியை நாங்கள் தர வேண்டும்.

நான்காவது வழி

இணையவழிப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிம்ஹான்ஸ் டிஜிட்டல் அகாடமியின் படிப்புகள் தரமானவை, ஆனால் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்கானவை. எங்களுக்கு மேற்பார்வை செய்ய வருகிறவர் அதைப் படித்திருந்தால் நல்லது. அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு எந்த ஆயாவும் விழித்திருக்க முடியாது, இந்த எண் விழித்திருக்கும். பல மொழிகளில் பேசலாம் என்பதால் மணலி, மாதவரம் பக்கம் குடோன்களில் வேலை செய்யும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களுக்கு இப்போதைக்கு நாம் காட்டக்கூடிய ஒரே நல்ல வழி இதுதான். அரசின் சுகாதார உதவி எண் 104-ம், சிநேகாவின் 044-24640050-ம் ஒவ்வொரு ஆலோசகரின் போனிலும் இருக்க வேண்டும். துணைக்கு எல்லாமே சரி. ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், ஒரே போனை மகன் வைத்திருக்கும் வீட்டில், ஓர் அம்மா எங்கே போய் மனம்விட்டுப் பேசுவார்?

எங்கள் தேர்வு

நான் மூன்றாவது வழிக்கு நிற்கிறேன், முதல் வழியிலிருந்து ஒரு துண்டைக் கடன் வாங்கிக்கொண்டு. யாரையும் இரண்டு வருடம் படிக்க அனுப்பப்போவதில்லை. ஏற்கெனவே படித்து முடித்த ஒரு மனநல சமூகப் பணியாளரை வாரத்தில் இரண்டு நாளுக்குச் சம்பளத்தோடு எடுப்பது. பகுதியிலிருந்து எட்டுப் பேர். சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு அந்த இரண்டு கேள்வியும் எட்டுப் பேரின் போன் நம்பரும். பணத்தில் பாதிக்கு மேல், பயிற்சி வகுப்பு முடிந்த பிறகு செலவாக வேண்டும். வாரா வாரக் கூட்டத்துக்கு, ஆலோசகர்களின் படிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோவுக்கு. இதில் குழுவில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்றுதான் கேட்பார்கள், எட்டு என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்றார் எங்கள் கணக்காளர். எண்பது பேருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்ததாக எழுதலாம், யாருக்கும் பயன் இருக்காது என்றேன். எட்டுக்கே ஒப்புதல் கிடைத்தது.

எட்டுப் பேர் யார் என்பதிலும் நிறைய யோசித்தோம். எல்லோரும் மீனவப் பெண்களாக இருந்துவிட்டால் மற்றவர்கள் வரமாட்டார்கள். தூய்மைப் பணியாளர் குடும்பத்திலிருந்து ஒருவர் வேண்டும். மனிதக்கழிவோடு பிழைக்க நேர்ந்ததன் அவமானத்தை வெளியாள் ஒருவரிடம் அவர்கள் சொல்வதில்லை. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இருக்கிறது. திருநங்கை ஒருவர் கட்டாயம் வேண்டும். தமிழ்நாடு 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம்தான், ஆனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பதினேழு வயதுப் பிள்ளை முதலில் ஓடுவது வாரியத்துக்கு இல்லை, ஓர் அம்மாவிடம். அப்படிப்பட்ட அம்மா ஒருவர் பட்டியலில் இருக்கிறார். குடியிலிருந்து மீண்டு வருடங்களான ஒரு அண்ணனும் இருக்கிறார். ஆண்கள் பெண்களிடம் குடியைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்பது எங்கள் அனுபவம். தர்காவில் ஓதி ஊதும் ஒரு பெரியவரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம், ஆலோசகராக இல்லை. மனசு சரியில்லை என்று பலர் முதலில் போய் நிற்பது அவரிடம்தான். அவர் ஊதிவிட்டு எங்களிடமும் அனுப்பினால் போதும்.

எட்டுப் பேருக்கும் முதல் நாளே சொல்லப்போவது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது. குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்றால், வலிப்பு என்றால், பிரசவமான தாய் நிலைகுலைந்தால், குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் உடல் நடுங்கிப் பிதற்றினால், பேசிக்கொண்டிருக்கக் கூடாது, ஸ்டான்லிக்குக் கூட்டிப்போக வேண்டும். ‘செத்துப்போலாம்போல இருக்கு’ என்றால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேட்க வேண்டும், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறீர்களா என்று. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தவறு. கேட்ட பிறகு அவரைத் தனியே விடாமல், மேற்பார்வையாளரை அழைத்து, கூடவே இருக்க வேண்டும்.

காலத்தையும் கடலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாது, கையில் காசு இருக்காது, வட்டிக்காரர் வாசலுக்கு வருவார், ஆண்கள் பகலிலேயே வீட்டில் இருப்பார்கள். வேலை இல்லாத காலம்தானே, அப்போது வகுப்பு வைக்கலாம் என்று வெளியிலிருந்து வந்த ஒரு நண்பர் சொன்னார். எங்களுக்கோ அப்போதுதான் எட்டுப் பேரும் தெருவில் இருக்க வேண்டும். அதனால் வகுப்பு ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிகிறது.

இடமும் பார்த்தாகிவிட்டது. பாலர் பள்ளியின் பின்பக்க அறை, மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை. ஜன்னல் நேராகத் தண்ணீர்க் குழாயைப் பார்த்திருக்கிறது, குடத்தோடு நிற்கிறவர்களுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். ஆயா வந்து பார்த்துவிட்டு, “மொதல்ல இதுக்கு ஒரு திரைத்துணி வாங்குங்க, கதவுக்கு ஒரு தாப்பா போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். அடுத்த வாரம் தச்சர் வருகிறார்.